பழுது என்று எழுதிய அறை

புடவைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் வெள்ளைப் பின்புறத்தில் நீல மார்க்கரால் எழுதிய ஓர் அட்டை. ‘அறை எண் 3 பழுது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.’ சிரமத்தில் ஒரு ‘த்’ விட்டுப்போய், பிறகு நினைவு வந்து இரண்டு எழுத்துகளின் நடுவே அதை நெருக்கிச் செருகியிருந்தார்கள். ரவிக்கை தைக்கும் நூலில் கட்டிக் கதவின் கைப்பிடியில் அது தொங்கியது. தியாகராய நகரில் ஓர் ஐந்து மாடி ஜவுளிக்கடை. அதன் இரண்டாம் மாடியில் உடை மாற்றிப் பார்க்கும் அறைகள் நான்கு. மூன்றாவது அறையின் வாசலில் அந்த அட்டை ஏறக்குறைய இரண்டு வருடம் கிடந்தது. அந்த அறைக்கு ஒரு பழுதும் இல்லை. கதவு ஒழுங்காகச் சாத்தும், விளக்கு எரியும், கண்ணாடியில் கீறல்கூடக் கிடையாது. அதை எழுதித் தொங்கவிட்டவர் எங்கள் மாடியின் சூப்பர்வைசரம்மா. பொய் சொல்வது பாவம் என்று மெய்யாகவே நம்பியவர் அவர்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. கணவர் இறந்த மறுவருடம், ஆறு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, முப்பதாவது வயதில் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியும் எங்கள் பக்கத்து மனிதர்தான். ஊரிலிருந்து ஆள் எடுத்து, கடைக்குப் பின்னால் நாலாவது தெருவில் ஒரு விடுதியில் தங்கவைப்பார். சாப்பாடு, படுக்கை, சீருடைப் புடவை எல்லாம் உண்டு. உட்காரத்தான் இடம் கிடையாது. உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஊழியர் உட்காருவதற்கென்று ஒரு பொருளே அந்த மாடியில் இல்லை, அவ்வளவுதான். வாடிக்கையாளர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள் இருந்தன. நாங்கள் கவுண்டருக்குப் பின்னால் காலை ஒன்பதரையிலிருந்து கடை மூடும்வரை நின்றோம். சுவரில் சாய்ந்தால் கேமராவில் தெரியும். கழிப்பறை மொட்டை மாடியில். ஊழியர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு நிரந்தர நோயாக இருந்தது.

சேர்ந்த மூன்றாம் நாள் மத்தியானம், கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டாருக்கு நாற்பது புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, அவர்கள் போன பிறகு ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

“இன்னாமே, மூஞ்சி வெளிறிப் போய்க் கீது? அத்த வெச்சிட்டுப் போ. மூணாம் நம்பர்ல போய்க் குந்து.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குந்து என்ற சொல்லே எனக்குப் புதிது. ஏதோ திட்டுகிறார்கள், மூன்றாம் நம்பர் என்பது தண்டனைக்கான இடம் போலிருக்கிறது என்று நினைத்து, “தெரியாமப் பண்ணிட்டேன்க்கா” என்றேன். சூப்பர்வைசரம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய், பழுது என்று எழுதிய கதவைத் திறந்து உள்ளே விட்டுச் சாத்தினார்.

உள்ளே ஒரு மர ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ரவிக்கைத் துணியின் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மெத்தை, ஒவ்வொரு சதுரமும் ஒரு நிறம். எதிரே காலைத் தூக்கி வைக்க ஓர் அட்டைப் பெட்டி. மூலையில் தண்ணீர் பாட்டில், ஒரு தைலக் குப்பி, பழைய செய்தித்தாளில் சுற்றிய நாப்கின்கள், மாரி பிஸ்கட். நான் உட்கார்ந்தேன். எதற்கு என்று தெரியாமல் அழுதேன். பத்து நிமிடம் கழித்து வெளியிலிருந்து கதவில் விரலால் இரண்டு தட்டு. அடுத்தவள் காத்திருந்தாள்.

பிறகுதான் அந்த ஏற்பாடு எனக்குப் புரிந்தது. மாடியில் இருந்த பதினெட்டுப் பெண்களுக்கும் ஒரு முறை வைத்திருந்தார் அந்தம்மா. தாளில் எழுதவில்லை, எல்லாம் மனக்கணக்குத்தான். மாதவிலக்கு வந்தவளுக்கு இரண்டு தடவை. காய்ச்சலில் எழுந்து வந்தவளுக்கு மூன்று. அறைகளுக்குப் பக்கத்தில் புடவைக்கு ஓரம் அடித்துத் தரும் தையல்காரர் ஒருவர் இருந்தார். ராயப்பேட்டைக்காரர், நாங்கள் பாய் என்போம். அந்த ஸ்டூல் அவருடையது, மெத்தை அவர் தைத்தது. தனக்கு ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி போதும் என்று விட்டுக்கொடுத்திருந்தார். மேனேஜர் மாடிக்கு வந்தால் பாய் மெஷினை நிறுத்திவிடுவார். மெஷின் சத்தம் கேட்கும்வரை உள்ளே இருப்பவள் நிம்மதியாக இருக்கலாம்.

சூப்பர்வைசரம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயதிருக்கும். குள்ளமான உருவம், மாடி முழுக்கக் கேட்கும் குரல். கழுத்தில் கருப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. வீடு மெரினா ஓரத்து நொச்சிக்குப்பத்தில். கணவர் கடலுக்குப் போகிறவர். இடது காலில் நரம்புகள் நீலக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு தெரியும். அந்தக் காலோடு நாள் முழுக்க நடப்பார். மூன்றாம் நம்பருக்குள் அவர் ஒரு நாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. “சூப்பர்வைசரு காணம்னா தேடுவானுங்கோ. உன்னைக் காணம்னா நான்தானே பதில் சொல்லணும்” என்பார்.

நான் கிறிஸ்தவள் இல்லை. அவருடைய நம்பிக்கையை வெளியிலிருந்து பார்த்தவள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வேலைக்கு வருவார். மேனேஜர் துடைக்கச் சொன்னால், “சாயங்காலம் தானா போயிடும் சார்” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அடுத்த நாற்பது நாளும், மீனவர் வீட்டில் இருந்துகொண்டே மீனைத் தொட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதற்குமுன், விடிகாலைப் பூசை கண்டுவிட்டு நேராக வருவார். ஆனால் எங்களில் ஒருத்தியைக்கூடக் கோவிலுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. சுடிதார் பிரிவில் ஒருத்தி, தங்கைக்குப் பரீட்சை, உங்கள் சாமிக்கு நேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டபோது, “உன் சாமியாண்டயே கேளேன், அவரு இன்னா தூரமாவா கீறாரு?” என்றார்.

அப்படிப்பட்டவர் எப்படிப் பொய் அட்டை தொங்கவிட்டார் என்பது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. ஒரு நாள் மொட்டை மாடியில் சாப்பாட்டு வேளையில் கேட்டேவிட்டேன். டிபன் டப்பாவின் மூடியை நக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“மாசாமாசம் ஃபாதராண்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கினுதான் கீறேன். ‘பொய் எழுதி மாட்டிக்கீறேன் சாமி’ன்னு. மொதல்ல பத்து அருள்நிறை ஜெபம் சொல்லச் சொன்னாரு. அப்பால அம்பது ஆச்சு. போன மாசம், ‘ஏம்மா, அந்த அட்டைய எடுத்துட்டா முடிஞ்சிச்சே’ன்னாரு. ‘எடுத்தா அதுங்க எங்க குந்தும் சாமி’ன்னு கேட்டேன். அப்பால, ‘சரி, ஜெபம் பண்ணிக்கினே இரு’ன்னுட்டாரு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பாவம் அவருக்கு நிஜமான பாவம். அதன் பாரத்தை மாதா மாதம் இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி தூக்கிக்கொண்டார். தன் மனசாட்சி வெள்ளையாக இருப்பதைவிடப் பதினெட்டுப் பேரின் கால்கள் முக்கியம் என்று அவர் முடிவு செய்திருந்தார். பக்தியுள்ளவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். சொர்க்கத்தில் தன் இடத்தை அடுத்தவர்களுக்காக இப்படிப் பணயம் வைத்தவரை அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

“ஏன்க்கா இவ்வளவு சிரமம் உங்களுக்கு?” என்றேன்.

“எங்கம்மா லூப் ரோட்டுல குந்திக்கினு மீன் வித்தவ. வெயில்தான், ஈதான், நாத்தந்தான். ஆனா குந்திக்கினு வித்தா. ஏசி போட்டு, சாம்பிராணி போட்டு, இங்க நிக்கவெச்சே சாவடிக்கிறானுங்கோ. கர்த்தர் நாளைக்கு ‘நீ அங்கதானே இருந்தே, இன்னா பண்ணே’ன்னு கேட்டா, போர்டு வெச்சேன்னாவது சொல்லலாமில்ல.”

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தராத பகுதி. ஆனால் அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில், வாசலுக்கு உள்ளே பத்தடி தள்ளி ஒரு கண்ணாடி அறை உண்டு. அறிவிப்புச் செய்யும் அறை. அதில் ஒரு பெண் உட்கார்ந்து, எந்த மாடியில் என்ன தள்ளுபடி, எந்தக் குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி அறையில் வைத்துத்தான் பேசினார்.

“உன் உச்சரிப்பு நல்லா இருக்கும்மா. ழகரம் சுத்தமா வருது. இந்த இடத்துக்கு உன்னைப் போடலாம்னு இருக்கேன். ஆனா நம்பிக்கையான ஆளா இருக்கணும்.” கதவைச் சாத்திவிட்டுத் தொடர்ந்தார். “ரெண்டாம் மாடியில கேமராவுல எண்ணினா எப்பவும் ஒரு பொண்ணு குறையுது. எங்க போறாங்க? உனக்குத் தெரியாமலா இருக்கும்?”

அவருக்குப் பின்னால் அந்த நாற்காலி இருந்தது. நீல மெத்தை போட்டது, சுழலும் வகை, கை வைக்க இரண்டு பக்கமும் தண்டு. நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூணாம் நம்பர்” என்றேன்.

இரண்டே சொற்கள். மாடிப்படி ஏறும்போது எனக்கு நானே நிறையச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எப்படியும் ஒரு நாள் தெரியத்தான் போகிறது. அந்தம்மாவுக்குக் கடையில் நல்ல பெயர் உண்டு, கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள். எனக்கு மகள் இருக்கிறாள். என் கால் எனக்கு வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்துக் காலை பதினோரு மணிக்கு, கூட்டம் சேருவதற்குமுன், மேனேஜர் வழக்கமான படியில் வராமல் சரக்கு ஏற்றும் லிஃப்டில் வந்து இறங்கினார். பாய் மெஷினை நிறுத்துவதற்குள் அவர் கதவருகே போய்விட்டார். அட்டையைப் பிடித்து இழுத்தார், நூல் அறுந்தது. கதவைத் திறந்தார்.

உள்ளே பட்டுப் பிரிவுப் பெண் ஒருத்தி, பெட்டியின்மேல் காலை வைத்துச் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். திடுக்கிட்டு எழுந்தவள் நிற்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு குமட்டினாள். அவள் கர்ப்பிணி என்பது அந்தக் கணத்தில்தான் எங்களுக்கே தெரிந்தது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவள் மறைத்து வைத்திருந்ததைச் சூப்பர்வைசரம்மா ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.

முதலாளியை மாடிக்கு வரவழைத்தார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, சாதாரணமாகக் குரல் உயர்த்தாத மனிதர். அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, யார் எழுதியது என்றார். பாய் வாளியை விட்டு எழுந்து, “ஸ்டூல் என்னோடது முதலாளி. நான்தான் போட்டேன்” என்றார்.

“பாய், நீங்க சொம்மா இருங்க” என்று சூப்பர்வைசரம்மா முன்னால் வந்தார். “எழுத்து என்னோடது மொதலாளி. எல்லாம் நான் பண்ணதுதான்.”

“என்னம்மா இது? பதினாலு வருசமா இருக்கிய. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டிருந்தா ஸ்டூல் போட்டிருப்பீங்களா?”

முதலாளி அட்டையை மறுபடி படித்தார். மேனேஜர்தான், இது ஏமாற்று வேலை, இந்தம்மா, உள்ளே தூங்கினவள் இரண்டு பேரையும் இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றார். அதுவரை நிமிர்ந்து நின்ற அந்தம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. இரண்டு பேர் என்ற சொல் அவரை உலுக்கிவிட்டது.

“தப்பா எழுதுனவ நானு. என்னை இன்னா வேணா பண்ணுங்க மொதலாளி. சூப்பர்வைசரு வேலை வாணாம். வாசல்ல நிக்கவெச்சு வணக்கம் சொல்லச் சொல்லுங்க, நிக்கிறேன். புள்ளத்தாச்சிய மட்டும் அனுப்பாதீங்க. அது வேலைக்கு வந்தாத்தான் அது வூட்ல ஒலை வெப்பாங்கோ.”

முதலாளி அந்தப் பெண்ணிடம் எத்தனை மாதம் என்று கேட்டார். மூன்று என்று அவள் விரலைக் காட்டினாள். அவர் அந்தப் பெண்ணைக் கிடங்கில் புடவை மடிக்கும் இடத்துக்கு மாற்றச் சொன்னார். அங்கே கோரைப்பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்துதான் வேலை. சூப்பர்வைசரம்மா சொன்னது மாதிரியே நடந்தது. மறுநாளிலிருந்து வாசல்.

பெரிய ஜவுளிக்கடைகளின் வாசலில் பட்டுப்புடவை கட்டி நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கை கூப்பி வாங்க என்பார்கள், பன்னீர் தெளித்துக் கல்கண்டு நீட்டுவார்கள். வழக்கமாக இருபது வயதுப் பெண்களைத்தான் அதற்கு நிறுத்துவார்கள். முன்னால் தெருவின் வெக்கை, முதுகில் ஏசியின் குளிர். அந்த இடத்தில் நரம்பு முறுக்கிய காலோடு அவர் நின்றார். நான் அடுத்த திங்கட்கிழமை கண்ணாடி அறையில் நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே பத்தடியும் ஒரு கண்ணாடியும். நாள் முழுக்க நான் மைக்கையும் சீட்டையும் மட்டுமே பார்த்துப் பேசினேன். நாற்காலி நான் நினைத்த அளவு சுகமாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

பொங்கல் கழிந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளாக இறங்கவில்லை. பெண்கள் எல்லாரும் கடைக்குப் போய்விட, விடுதியில் நான் மட்டும் கிடந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. கையில் தூக்குவாளியோடு சூப்பர்வைசரம்மா நின்றார். அன்று அவருக்கு வார விடுமுறை. மெரினா பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“மூணு நாளா மைக்குல வேற கொரலு வருது. இன்னாடா இது, ழ எல்லாம் ல ஆயிடுச்சேன்னு கேட்டேன். ஜொரம்னாங்கோ” என்றார். தூக்கில் நொய்க் கஞ்சி. இரண்டு வாய் உள்ளே போவதற்குள் நான் படுக்கைமேல், உடுத்திய துணிமேல், காலின்மேல் எல்லாம் வாந்தி எடுத்தேன். அவர் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் எழுந்துபோய், விடுதிச் சமையலறையில் வெந்நீர் வைத்து ஒரு வாளியில் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துடைத்துக் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் கழுவினார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று அவர்கள் கோவிலில் சாமியார் கீழே குனிந்து பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார் என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வெந்நீரின் சூடுதான். அதற்குமேல் என்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

“அக்கா, நான்தான்க்கா சொன்னேன். மூணாம் நம்பரை நான்தான் காட்டிக் குடுத்தேன்.”

அவர் கை நிற்கவில்லை. “தெரியும்” என்றார்.

“எப்படி?”

“நாற்காலியில குந்துன நாள்லேர்ந்து ஒரு தபா கூட நீ என்னை நிமிந்து பாக்கல. வேற எப்டித் தெரியணும்?”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“ஜொரம் உனக்குத்தானே வந்துகீது?” என்று காலைத் துணியில் ஒற்றினார். நான் அழுதுகொண்டே, அந்த நாற்காலி எனக்கு வேண்டாம், எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி மாடிக்குப் போய்விடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“லூசா நீ? நீயும் நின்னா எனக்குக் கால்வலி கொறஞ்சிடுமா? பதினெட்டுப் பேருல ஒருத்தியாவது குந்திக்கினு கீறா. அத்தையும் கெடுக்காதே. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்திச்சு. இல்லேன்னு சொன்னா அது இன்னொரு பொய். ரெண்டு வாரம் உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணவே நாக்கு வரல. அப்பால வந்திச்சு. அத்தோட முடிஞ்சிச்சு, எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வரிசையில் எனக்குப் பதில் தான் நின்று, என்னைத் தூணோரமாக உட்காரவைத்தார். டைபாய்டு என்றார்கள். பத்து நாள் விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார். அதுவும் வாசலில் நின்ற காலோடு.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்று கண்ணாடி வழியாக முதல்முறை அவரைப் பார்த்தேன். அவர் ஒரு குடும்பத்துக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. யோசித்து முடிப்பதற்குள் மைக்கை அழுத்திவிட்டேன். “இரண்டாம் மாடி, சுடிதார் பிரிவு ஊழியர், உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும்.” அந்தப் பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். கண்ணாடிக்குக் கீழ்ப்பாதியில் விளம்பரத் தாள் ஒட்டியிருந்ததால் தரையோடு உட்கார்ந்திருப்பவள் வெளியே தெரிய மாட்டாள். ஒரு துணி மூட்டையைக் காட்டி, “பத்து நிமிசம் இதுல இரி” என்றேன். பிறகு பட்டுப் பிரிவு. பிறகு ஆயத்த ஆடை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து அறிவிப்புகள். எல்லா மாடியிலும் ஒலிபெருக்கியில் கேட்கும்படி, முதலாளியின் அறை உட்பட, சுத்தமான ழகரத்தோடு சொன்னேன். மூன்றாவது அறிவிப்பிலேயே வாசலில் நின்றவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பன்னீர்ச் செம்பைப் பிடித்த கை மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

அந்தம்மா வாசலில் ஐந்து வருடம் நின்றார். அங்கும் சும்மா இருக்கவில்லை. வயதான வாடிக்கையாளர்கள் வெயிலில் காத்திருக்கிறார்கள் என்று முதலாளியிடம் சொல்லி இரண்டு பெஞ்சு போடவைத்தார். இந்தத் தடவை கேட்டுத்தான் செய்தார். அதில் கூரியர் பையன்களும் பூக்காரியும் உட்கார்ந்தார்கள். யாரையும் அவர் எழுப்பவில்லை. கிடங்குக்குப் போன பெண்ணுக்கு மகன் பிறந்தபோது, சுறாப் புட்டு செய்து எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் கால் நரம்பு வெடித்துப் புண்ணாகி, வேலையை விட வேண்டியதாயிற்று.

அதன்பிறகு கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று அரசு சட்டமே கொண்டுவந்தது. எங்கள் கடையிலும் மாடிக்குப் பன்னிரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். இப்போது இரண்டாம் மாடிக்கு நான்தான் சூப்பர்வைசர். போன மாதம் நொச்சிக்குப்பத்துக்குப் போய், அடுக்குமாடிக் குடியிருப்பில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். பழைய மேனேஜர் போய்ப் புதியவர் வந்திருக்கிறார் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“எத்தினி பேரு குந்துறாங்கோ?”

“யாரும் உட்காருறதில்லக்கா. மேனேஜர் பாத்தா என்ன நெனப்பாரோன்னு பயம். எல்லா ஸ்டூலும் கவுண்டருக்கு அடியிலயே கெடக்கு.”

“நீ?”

நானும் உட்காருவதில்லை என்றேன். நான் நாள் முழுக்க மாடியில் நடந்துகொண்டிருக்கிறேன்.

“நீயே நின்னுக்கினு கீறே. அதுங்க எப்டி குந்தும்?” என்று கேட்டுவிட்டு, டீ குடிக்கிறாயா என்று பேச்சை மாற்றினார்.

மறுநாள் மத்தியானம், கூட்டம் நெருக்கும் நேரம். பட்டுக் கவுண்டருக்குப் போனேன். நேர் எதிரே கேமரா. அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்து, அதில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண்கள் கையில் எடுத்த புடவையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் மேனேஜர் மாடிப்படி ஏறி நேராக என்னிடம் வந்தார்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?”

“நல்லா இருக்கேன் சார்” என்றேன். எழுந்திருக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. எனக்குப் பின்னால், சுடிதார் பிரிவுப் பக்கம், தரையில் ஸ்டூல் கால் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் திரும்பிப் பார்க்காமல், எதிரே நின்ற வாடிக்கையாளருக்கு அடுத்த புடவையை விரித்துக் காட்டினேன்.